டிக்கெட்டில் 15, கிளம்ப வேண்டியது 14

2024 ஜூலை. திருச்சி ஏர்போர்ட்டின் புது முனையம் இயங்க ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ராத்திரி பத்து மணி. கோபுர வண்ணம் தீட்டிய முகப்பின் முன்னால் நின்று ஆளாளுக்கு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அம்மாவும் சிங்கப்பூரில் இருக்கும் அக்காவின் பிரசவத்துக்குக் கிளம்பியிருந்தோம். அம்மா கையில் ஒரு துணிப்பை. அதில் பிரசவ மருந்துச் சாமான், முறுக்கு, அக்காவுக்குப் பிடிக்கும் என்று அரை கிலோ சுண்டவற்றல். நான் வாசலில் நின்ற காவலரிடம் போனில் டிக்கெட்டைத் திறந்து நீட்டினேன்.

அவர் டிக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார்.

"இன்னிக்கு தேதி என்ன சார்?"

"பதினஞ்சு."

"இது பதினஞ்சு, 00.35. நேத்து ராத்திரி போயாச்சு."

அரைகுறைத் தமிழ்தான். ஆனால் அதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை. பதினான்காம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். நாங்கள் அந்த ராத்திரி காரைக்குடி வீட்டில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம்.

தவறு முழுக்க என்னுடையது. அதற்கான அடையாளங்கள் எல்லாம் அன்று பகல் முழுக்கக் கண்முன்னால் கிடந்தன. மதியம் வெப் செக்-இன் செய்யத் திறந்தபோது 'செக்-இன் முடிந்துவிட்டது' என்று வந்தது. சர்வர் கோளாறு என்று மூடிவிட்டேன். முந்தின நாள் வந்த குறுஞ்செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிட்டேன். அக்காவுக்கு டிக்கெட்டை அனுப்பாமல் "16 காலையில ஏழு மணிக்கு வந்துருவோம்" என்று மட்டும் வாட்ஸாப்பில் போட்டிருந்தேன். டிக்கெட்டையே அனுப்பியிருந்தால் அவளோ அத்தானோ ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பார்கள். இப்போதெல்லாம் யார் பயணம் போனாலும் நான் கேட்பது இதுதான்: நீ சொல்றது வேண்டாம், டிக்கெட்டை அனுப்பு.

நள்ளிரவு விமானம் என்றால் டிக்கெட்டில் உள்ள தேதிக்கு முந்தின நாள் ராத்திரிதான் வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். எழுதிப் பார்த்தால் சின்னப் பிள்ளைக் கணக்கு. ஆனால் நம் பேச்சில் 'பதினஞ்சாந் தேதி ராத்திரி' என்றால் பதினைந்து விடிந்து, பகல் போய், இருட்டி, தூங்கப் போகும் வரைக்கும்தான். ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் தேதி மாறும் என்பது ரயில்வேக்கும் விமானத்துக்கும் தெரியும், நம் நாக்குக்குத் தெரியாது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் போகும் விமானங்களில் நடுராத்திரியை ஒட்டிக் கிளம்புகிறவை உண்டு என்பதால் எங்கள் பக்கம் இந்தத் தவறு ஒன்றும் அபூர்வம் இல்லை. நான் சொன்ன பிறகு தெருவில் மூன்று வீட்டில் "எங்களுக்கும்" என்றார்கள். அதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை.

பணம் போனதா என்றால், பாதி. ஏறாமல் விட்ட டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் போனது போனதுதான். ஆனால் அதில் சேர்த்து வாங்கிய வரிகள், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம் ஆகியவற்றைப் பயணி வராமல் போனாலும் திருப்பித் தரவேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரக விதி சொல்கிறது. அது பலருக்குத் தெரியாது. கேட்டால்தான் வரும். நான் கேட்டேன், சில வாரம் கழித்து வந்தது. இன்னொரு நல்ல காலம், அம்மாவின் திரும்பும் டிக்கெட்டைத் தனியாகப் போட்டிருந்தேன். போக, வர ஒரே பதிவாகப் போட்டு முதல் பயணத்தைத் தவறவிட்டால், பல நிறுவனங்களில் திரும்பும் டிக்கெட்டும் தானாக ரத்தாகிவிடும். போடுவதற்கு முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

அக்காவுக்கு டாக்டர் குறித்த தேதி இருபது. திருச்சியிலிருந்து அடுத்து இடம் இருந்த விமானம் நாலு நாள் கழித்து. சென்னையிலிருந்து மறுநாள் ராத்திரி 11.15-க்கு இரண்டு இடம் இருந்தது. முதலில் போட்டதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. வாசல் ஓரமாக டிராலியில் உட்கார்ந்தபடியே போட்டேன். அம்மா கேட்டார், "மெட்ராஸ் போயிப் போனா ரொம்பச் சுத்தா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் வரைபடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். வானத்தில் சுற்றே இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,930 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சுமார் 2,980. தெற்கே இருக்கிற திருச்சிதான் கிட்ட என்று நினைத்திருந்தேன். ஆனால் சென்னை அதைவிடக் கிழக்கே தள்ளி இருக்கிறது. வித்தியாசம் ஐம்பது கிலோமீட்டர், விமானத்துக்கு அது நாலு நிமிடம்.

தரையில்தான் சுற்று. காரைக்குடியிலிருந்து திருச்சிக்குக் காரில் இரண்டு மணி நேரம். சென்னைக்கு? அன்று ராத்திரியே திருச்சியில் பஸ் ஏறினோம். முந்நூற்று முப்பது கிலோமீட்டர், விடியற்காலையில் கிளாம்பாக்கம். அங்கேயே இறங்கியதில் ஒரு சௌகரியம், ஏர்போர்ட் அங்கிருந்து கிட்டத்தான். பல்லாவரத்தில் சித்தி வீடு. பகல் முழுக்க அங்கே. அம்மா சித்தியிடம் நடந்ததைச் சொல்லும்போதெல்லாம் "தம்பி தேதியைச் சரியாப் பாக்கல" என்று என் பெயரைச் சொல்லாமல் சொன்னார். நாலு முறை.

காரைக்குடி வீட்டுப் படி இறங்கியதிலிருந்து சிங்கப்பூரில் அக்கா வீட்டுப் படி ஏறுகிற வரைக்கும் முப்பத்து மூன்று மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது நாலு மணி நேரத்துக்கும் குறைவு. ஒழுங்காகப் பதினான்காம் தேதி திருச்சியில் ஏறியிருந்தால் எல்லாம் சேர்ந்து பத்தரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். சென்னை டிக்கெட் இரண்டாயிரம் ரூபாய் குறைவு என்று தெற்கத்தி ஆட்கள் அங்கே ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், நானும் ஓடியிருக்கிறேன். பஸ் காசு, ஆட்டோ, ஒரு பகல் சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்த இரண்டாயிரத்துக்குள் அடங்குமா என்று பாருங்கள். கூட வயதானவர் இருந்தால் கணக்கே போட வேண்டாம், கிட்ட இருக்கும் ஏர்போர்ட்தான்.

சித்தி வீட்டில் சும்மா இருந்த பகலில் எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. டிக்கெட்டில் சென்னை–சிங்கப்பூர் 4 மணி 15 நிமிடம் என்று இருந்தது. விமானம் மேலே போய்ச் சேர்ந்தபின் மணிக்குச் சுமார் 840 கிலோமீட்டர் வேகம். 2,930-ஐ 840-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம்தானே வருகிறது? மிச்சம் நாற்பத்தைந்து நிமிடம் எங்கே போகிறது? டிக்கெட்டில் போடுகிற நேரம் சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் இல்லை. நின்ற இடத்திலிருந்து விமானம் நகர ஆரம்பிப்பது தொடங்கி, அந்தப் பக்கம் போய் நிற்கும் இடத்தில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெதுவாக ஏறுவது, மெதுவாக இறங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டியும் வைத்திருப்பார்கள். அதனால்தான் பைலட் மைக்கில் சொல்லும் நேரம் எப்போதும் டிக்கெட்டைவிடக் குறைவாக இருக்கிறது.

ஆக, நேர்கோட்டுத் தூரத்தை 840-ஆல் வகுத்து நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் சேர்த்தால் டிக்கெட் நேரம் ஓரளவுக்கு வந்துவிடும். சென்னை–டெல்லி 1,760 கிலோமீட்டர், இரண்டே முக்கால் மணி நேரம். சென்னை–கொழும்பு 650 கிலோமீட்டர்தான், ஆனாலும் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். அந்த நாற்பது நிமிடம் எவ்வளவு கிட்ட போனாலும் குறையாது. சென்னை–யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அது விசிறி வைத்த சின்ன விமானம், வேகம் ஐந்நூறு கிலோமீட்டர்தான். முந்நூற்றைம்பது, அறுபது கிலோமீட்டர் போக ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிடும்.

ராத்திரி ஏறினோம். அம்மாவுக்கு முதல் விமானம். ஜன்னல் ஓர இடம். வெளியே கும்மிருட்டு. சென்னையிலிருந்து கோடு போட்டால் வங்காள விரிகுடாவைத் தாண்டி, பெரிய நிக்கோபாருக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் நடுவே நுழைந்து, மலாக்கா நீரிணை மேலே இறங்கும். திருச்சியிலிருந்து போயிருந்தால் கோடு கோடியக்கரைப் பக்கம் கரையைவிட்டுக் கடலுக்குள் போயிருக்கும். அம்மா தூங்கவில்லை. இறங்க ஆரம்பித்தபோது கீழே கறுப்புக்குள் மஞ்சள் விளக்குகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

"கடலுக்குள்ளயா இம்புட்டு ஊரு இருக்கு?"

ஊர் இல்லை, கப்பல்கள். சிங்கப்பூருக்குள் நுழைய முறை பார்த்து நங்கூரம் போட்டு நிற்பவை. எங்கள் தாத்தா இந்தக் கடலை 'ரஜூலா' கப்பலில் கடந்தவர். நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கில் நின்று, சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம் போல ஆகும் என்பார். ரஜூலா 1973-இல் ஓய்ந்தது. அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1979-இல் போனவர் அப்பா, கட்டட வேலைக்கு. அந்தக் கப்பலும் 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்ததோடு முடிந்தது. அப்பா ஊர் திரும்பியது 1981 அக்டோபரில், விமானத்தில். சாங்கி ஏர்போர்ட் அந்த ஜூலையில்தான் திறந்திருந்தது. "பளபளன்னு இருந்துச்சு, வழுக்கி விழுந்துருவோமோன்னு பயம்" என்பார்.

எங்கள் விமானம் சிங்கப்பூர் நேரம் காலை ஆறு மணிக்கு இறங்கியது. வெளியே வந்து டாக்சி பிடிக்கும்போது ஆறே முக்கால். அம்மா வானத்தைப் பார்த்துவிட்டு, "மணி ஏழாகப் போவுதுங்கிற, இன்னும் விடியலையே" என்றார்.

இங்கேதான் அப்பாவின் அரை மணி நேரம் வருகிறது.

அப்பா இன்றைக்கும் சிங்கப்பூருக்கும் நமக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம் என்றுதான் சாதிப்பார். இரண்டரை என்று அக்கா சொன்னால், "நான் மூணு வருசம் இருந்தவன்" என்று பேச்சை முடித்துவிடுவார். அவர் சொன்னது பொய் இல்லை என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணி முன்னால் இருந்தது, நம்முடையது ஐந்தரை. வித்தியாசம் சரியாக இரண்டு. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று மேற்குப் பகுதிக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியபோது சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கே பன்னிரண்டு ஆக்கி, 1982 பிறந்துவிட்டது. அப்பா ஊர் வந்து சேர்ந்து இரண்டு மாதம் கழித்து. நில அமைப்புப்படி சிங்கப்பூருக்கு ஏழு மணி நேரமே போதும். எட்டு வைத்திருப்பதால்தான் அங்கே வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டியே விடிகிறது. அம்மாவின் கேள்விக்கும் அதுவே பதில்.

இந்த இரண்டரை மணி நேரம் டிக்கெட்டைப் படிக்கும்போது நன்றாக ஏமாற்றும். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊருடையது, சேரும் நேரம் சேரும் ஊருடையது. இரவு 11.15-க்குக் கிளம்பி 6.00-க்குச் சேர்கிறோம் என்றதும் சித்தி "ஆறே முக்கால் மணி நேரமா!" என்று இரண்டு பொட்டலம் புளிசாதம் கட்டிக் கொடுத்தார். திரும்பும் டிக்கெட் இன்னும் வேடிக்கை. சிங்கப்பூரில் இரவு 8.30, திருச்சியில் 10.05. பார்த்தவுடன் அப்பா, "ஒன்றரை மணி நேரத்துல வந்துருமா? இப்ப அவ்வளவு வேகமா போவுதா?" என்றார். டிக்கெட்டில் எங்காவது சின்ன எழுத்தில் பயண நேரம் தனியாக இருக்கும். அதை நம்புங்கள், கழித்துப் பார்க்காதீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை உண்டு. எந்த ஊர் நேரப்படி போடுவது என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கியிருந்தோம். அந்தச் சீட்டும் மாத்திரையும் கைப்பையிலேயே இருந்தன. நான் உருப்படியாகச் செய்த ஒரே முன்னேற்பாடு அதுதான்.

இல்லை, இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும். அது இலவசம், ஆனால் அதே மாதிரி வேஷம் போட்டுக் காசு கேட்கும் தளங்கள் நிறைய. நான் பதினைந்தாம் தேதிக் கணக்கில் நிரப்பியதை மறந்துவிடாமல் சித்தி வீட்டில் தேதி மாற்றிப் புதிதாக நிரப்பினேன்.

பிள்ளை பதினெட்டாம் தேதியே பிறந்துவிட்டான். நான் ஒரு வாரத்தில் திரும்பிவிட்டேன். அம்மா ஆகஸ்டில் தனியாகத் திரும்பினார். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிட்டோம், அதற்குத் தனிக் காசு இல்லை. நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று நினைத்து அம்மா முதலில் கூச்சப்பட்டார். முட்டிவலிக்காரர், மொழியும் தெரியாது, சாங்கியில் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் பொடிநடையாக இருபது நிமிடம் ஆகலாம். அவருக்கு அது தேவைதான்.

அன்று அப்பாவும் நானும் கூப்பிடப் போனோம். அப்பா டிக்கெட்டை நம்பவில்லை. எட்டரைக்குக் கிளம்பி நாலு மணி நேரம், அங்கே பன்னிரண்டரை, இரண்டைக் கழித்தால் பத்தரை என்று தன் கணக்கில் காரைக் கிளப்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. தேதியைக் கோட்டைவிட்டவனுக்குப் பேச வாய் ஏது. வழியில் புதுக்கோட்டை தாண்டும்போது போனில் பார்க்கிறேன், விமானம் 10.05-க்கு இருபது நிமிடம் முன்பே, 9.45-க்கே தரை தொட்டிருந்தது.

முன்பே வந்ததற்கும் காரணம் உண்டு, அதையும் நான் தேடிப் படித்தேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்று ஓடுகிறது. கீழைக்காற்றுத் தாரை என்று பெயர். இதைப் பற்றி 1950-களில் விரிவாக எழுதியவர் நம் வானிலைத் துறையைச் சேர்ந்த கோட்டீஸ்வரம். சிங்கப்பூரிலிருந்து வரும் விமானத்தை அது முதுகில் கைவைத்துத் தள்ளும், போகும் விமானத்தை நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும். ஜூலையில் நாங்கள் போனபோது வானத்தில் மட்டும் மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிடம். அம்மா வந்தது மூன்றரை. அதே கடல், ஏறக்குறைய அதே தூரம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். ஒரு மணி நேரம் தாமதம். நான் ஓடினேன். அம்மா வெளியே இல்லை. பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வீல்சேரில், மடியில் துணிப்பையோடு, தள்ளிவந்த பையனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். இமிக்ரேஷன் வரிசை, லக்கேஜ் பட்டை, சுங்கம் எல்லாம் சேர்ந்து எழுபது நிமிடத்துக்கு மேல் தின்றிருந்தன. அப்பாவின் அரை மணித் தப்பும் காற்று தள்ளிக்கொடுத்த இருபது நிமிடமும் அதற்குள் காணாமல் போயின.

"சரியான நேரத்துக்கு வந்துட்டோம் பாத்தியா" என்றார் அப்பா.

பேரன் முதல் பிறந்த நாளுக்கு மறுபடி போனோம். இந்த முறை அப்பாவும். டிக்கெட்டில் தேதி 13, நேரம் 00.20. நான் எல்லார் போனுக்கும் டிக்கெட்டை அனுப்பினேன், அலாரமும் வைத்தேன். அப்பா அதை எதையும் மதிக்கவில்லை. நடுவீட்டில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் 12-ஆம் தேதித் தாளைத் தேடி, பேனாவால் 'இன்று இரவு' என்று எழுதினார். பன்னிரண்டாம் தேதி காலையில் அந்தத் தாள் மேலே வந்ததும் அதைப் பார்த்தபடியே சாப்பிட்டார். நாங்கள் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து வீட்டைத் திறந்தபோதும் அது கிழிபடாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.